ஆயாவின் வாசல்

சென்னையின் குடிசைப் பகுதிகளைப் பற்றி அரசு எடுத்த கணக்குகளில் குடும்பம் எத்தனை, தலை எத்தனை, கூரை ஓலையா ஓடா, தெருக்குழாய் எத்தனை வீட்டுக்கு ஒன்று என்பதெல்லாம் உண்டு. வாசலுக்கு மட்டும் அதில் ஒரு கட்டம் கிடையாது. அந்தப் பகுதிகளில் வாழ்ந்த ஒரு மூத்த பெண்ணை, சென்னை வழக்கில் சொன்னால் ஒரு ஆயாவை, உட்காரவைத்து வாழ்க்கையைச் சொல்லச் சொன்னால் கதையில் பாதி வாசலில்தான் நடக்கும். இட்லி ஊற்றியதும் அங்கே, பூ கட்டியதும் அங்கே. மகள் வேலைக்குப் போனபின் பேரனைக் காலில் கிடத்திக் குளிப்பாட்டியதும் அங்கே. தண்டல்காரர் வந்து நின்றதும், தண்ணீர் லாரிச் சத்தம் கேட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியதும் அங்கிருந்துதான். தாம்பரத்துக்குக் கிழக்கே, பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய பெரும்பாக்கத்தில் இன்று எழுந்து நிற்கும் எட்டடுக்கு வீடுகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் நகரத்திலிருந்து அவை எவ்வளவு தூரம் என்று பேசுகிறார்கள், கட்டுமானத்தின் தரத்தைப் பேசுகிறார்கள். இரண்டும் பேசவேண்டியவைதான். நான் தொடங்கும் இடம் வேறு. உழைக்கும் குடும்பத்தில் வயதான பெண்ணுக்கு வாசல்தான் தொழிற்கூடம். குடிசை மாற்றின் ஐம்பது ஆண்டு வரலாற்றை அந்தத் தொழிற்கூடத்துக்கு என்ன ஆயிற்று என்ற கேள்வியோடு படித்தால், பெரும்பாக்கத்தில் நடந்தது வெறும் இடமாற்றம் இல்லை, ஒரு தலைமுறைப் பெண்களிடமிருந்து பிழைப்பைப் பிடுங்கியது என்பது தெரியும்.

திட்டங்களின் வரலாறாக எழுதினால் இது கண்ணில் படாது. ஒரு திட்டத்துக்கு ஆயுள் ஐந்தாண்டோ பத்தாண்டோ. அது முடிந்ததும் கோப்பு மூடப்படும், அடுத்த திட்டத்தில் அதே மனிதர்கள் புதிதாகப் பிறந்தவர்களைப் போலப் பயனாளிகள் பட்டியலில் வருவார்கள். ஒரு ஆயுளின் நீளத்துக்கு வைத்துப் பார்த்தால்தான் ஒன்றுக்கு அடுத்து மற்றொன்று எப்படி வந்தது என்பது விளங்கும். உழைக்கும் பெண்களின் ஆயுளை அப்படிப் பதிவு செய்யும் வழக்கம் நம்மிடம் குறைவு. புதுச்சேரியை அடுத்த கிராமம் ஒன்றில் கூலிவேலை செய்த வீரம்மா, ஜோசியான் ரசீனிடம் பல ஆண்டுகள் தமிழில் சொன்ன தன் வாழ்க்கைக் கதை 1995-இல் முதலில் பிரெஞ்சில் புத்தகமானது, இரண்டாண்டு கழித்து ஆங்கிலத்தில் வந்தது. தமிழ்க் கூலிக்காரப் பெண்ணின் குரல் பாரிஸ் வழியாகத்தான் அச்சேற வேண்டியிருந்தது. நகரத்து ஆயாக்களுக்கு அந்த வழிகூட வாய்க்கவில்லை. ஆகவே இங்கே ஓர் அளவுகோலை வைத்துக்கொள்கிறேன்: 1955-இல் சென்னை ஆற்றங்கரைக் குடிசை ஒன்றில் பிறந்து, அறுபதைக் கடந்தபின் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்ட ஒரு பெண். இவர் குறிப்பிட்ட ஒருவர் இல்லை. பொதுவில் பதிவான ஆண்டுகளை ஒருவரின் வயதோடு சேர்த்துப் படிக்க உதவும் ஒரு கோல், அவ்வளவுதான்.

அவர் பிறந்த கரைக்கே ஒரு வரலாறு உண்டு. கூவத்தையும் அடையாற்றையும் நகரத்துக்குள் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி, தாது வருஷப் பஞ்சத்தில் 1877–78-இல் நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. பசியோடு நகரத்துக்கு வந்த ஜனங்களுக்கு மண்வெட்டியைக் கொடுத்து வாங்கிய வேலை அது. நகரம் கூலி ஆட்களை வரவழைத்தது, வீடு கொடுக்கவில்லை. துறைமுகத்துக்கும் மில்லுக்கும் ரயிலடிக்கும் பங்களாக்களுக்கும் ஆள் வேண்டியிருந்தது. வந்தவர்கள் யாருக்கும் வேண்டாத நிலத்தில், அதாவது தண்ணீர் ஏறும் கரைகளில் தங்கினார்கள். நம் கோலின்படி அந்தச் சிறுமிக்கு ஆறு வயதாகும்போது, 1961-இல், சென்னையில் 548 குடிசைப் பகுதிகள் கணக்கில் இருந்தன. அவருக்குப் பதினாறு வயதாகும்போது அந்த எண்ணிக்கை 1,202. பத்தாண்டில் இரட்டிப்பைத் தாண்டியது. ஓலைக் கூரை, கோடையில் தீ, மழைக்காலத்தில் வெள்ளம், கழிப்பிடத்துக்கு இருட்டும்வரை காத்திருக்கும் பெண்கள். இதில் அழகு பார்க்க ஒன்றும் இல்லை. ஆனால் குடிசையின் உள்ளே இரண்டு பேர் நிமிர்ந்து நிற்க முடியாது என்பதாலேயே வாழ்க்கை முழுக்க வெளியே வந்தது. வெளியே என்றால் வாசல், வாசலுக்கு எதிரே இன்னொரு வாசல்.

1970-இல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது நோக்கம் பெரிது. ஏழு ஆண்டுகளில் சென்னையில் குடிசையே இருக்கக்கூடாது என்றார்கள். இராம. அரங்கண்ணல் அதன் முதல் தலைவர். அடுத்த ஆண்டு வந்த சட்டம், ஒரு பகுதியைக் குடிசைப் பகுதி என்று அறிவித்தால் அங்கே இருப்பவர்களைக் கண்டபடி வெளியேற்ற முடியாது என்ற பாதுகாப்பையும் கொடுத்தது. அந்தக் காலத்தில் கட்டிய வீடுகளை நொச்சிக்குப்பம் போன்ற கடலோரக் குப்பங்களில் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்: லிஃப்ட் இல்லாத, ஏறிப் போகும் உயரமுள்ள, மூன்று நான்கு அடுக்குக் கட்டடங்கள். அறைகள் சின்னவை, பராமரிப்பு மோசம், சில பத்தாண்டுகளில் காரை உதிரத் தொடங்கிவிட்டது. குறைகளைச் சொல்லிக்கொண்டே போகலாம். எனினும் அவை பெரும்பாலும் குடிசை இருந்த இடத்திலேயே எழுந்தன. மேலே குடிபோனவர்களும் கீழே இறங்கினால் பழைய தெருவில்தான் கால் வைத்தார்கள். மீன் விற்ற இடத்திலேயே மீன் விற்றார்கள். வாசல் சுருங்கியது, ஆனால் பிழைத்தது.

உலக வங்கியின் கடனில் 1977-இல் தொடங்கிய நகர்ப்புற வளர்ச்சித் திட்டம் வேறு வழியை எடுத்தது. அடுக்குமாடி செலவு அதிகம், மனையையும் வசதிகளையும் கொடுத்துவிடுவோம், வீட்டை அவரவர் கட்டிக்கொள்ளட்டும் என்றது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் மனைகள் அப்படி வந்தவை. ஏற்கெனவே குடியிருந்த இடத்திலேயே தெருவும் குழாயும் கழிப்பிடமும் போட்டுக் கொடுத்ததும் அதே திட்டத்தின் இன்னொரு கை. அரசு தன் பொறுப்பிலிருந்து விலகத் தொடங்கியது அப்போதுதான் என்று இதை விமர்சித்தவர்கள் உண்டு, அதில் நியாயமும் உண்டு. வாசலின் பக்கம் நின்று பார்த்தால், மனை என்பது வாசலோடு வந்தது. இன்று அந்த மனைகளில் முன்பக்கம் ஒரு பெட்டிக்கடையோ தையல் மெஷினோ இல்லாத வரிசையைப் பார்ப்பது அரிது.

அதே காலத்தில், 1978-இல், ஜெயா அருணாச்சலம் சென்னையில் உழைக்கும் பெண்கள் அமைப்பைத் தொடங்கினார். கூடைக்காரிகளும் காய்கறி விற்பவர்களும் தினவட்டிக்குக் கடன் வாங்கி நசிந்துகொண்டிருந்ததைப் பார்த்து, அக்கம்பக்கத்துப் பெண்களைக் குழுவாகச் சேர்த்து வங்கிக் கடன் வாங்கிக் கொடுத்தது அந்த அமைப்பு. அடகு வைக்க இவர்களிடம் நகையும் இல்லை, பத்திரமும் இல்லை. எதிர்வீட்டுக்காரி ஒருத்தி ஜாமீன் நின்றாள். ஏன் நின்றாள் என்றால், இவள் எத்தனை மணிக்கு அடுப்பு மூட்டுகிறாள், எத்தனை மணிக்குக் கூடை காலியாகிறது என்பதெல்லாம் தன் வாசலிலிருந்தே அவளுக்குத் தெரியும். பழக்கம் என்று தமிழில் சொல்வது இதைத்தான். அறிமுகமும் அதுதான், வழக்கமும் அதுதான், நாணயமும் அதுதான். மளிகைக் கடையில் கணக்கு எழுதச் சொல்வதும், கைமாத்து கேட்பதும், சீட்டில் முதல் தவணையை நம்பிக் கொடுப்பதும் பழக்கத்தின் பேரில். இருபது முப்பது வருஷம் ஒரே இடத்தில் இருந்தால்தான் அது சேரும். வயது ஏற ஏற உடம்பில் பலம் குறையும், பழக்கம் மட்டும் கூடிக்கொண்டே போகும். உழைக்கும் குடும்பத்து ஆயாவுக்கு ஓய்வூதியம் என்று ஒன்று இருந்தது என்றால் அது இந்தப் பழக்கம்தான்.

வாசலில் நடக்கும் ஒரு இட்லிக் கடையைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தால் இது விளங்கும். கடை என்றால் பலகை ஒன்று, அடுப்பு ஒன்று, இட்லிப் பானை, இரண்டு தூக்கு. ரேஷன் புழுங்கல் அரிசியை முந்தின நாள் மத்தியானம் ஊறவைத்து, சாயங்காலம் அரைத்து, ராத்திரி புளிக்க வைத்தாயிற்று. விடியுமுன் அடுப்பு பற்றும். முதலில் வருபவர்கள் தெருக் கூட்டும் பெண்கள், அடுத்து சவாரிக்குக் கிளம்பும் ஆட்டோக்காரர்கள், அப்புறம் தட்டை ஏந்தி வரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். சைதாப்பேட்டைப் பக்கமாக இருந்தால் வடகறியும் இருக்கும். ஒன்பது மணிக்குப் பானை கவிழ்ந்துவிடும். வாடகை இல்லை, லைசென்ஸ் இல்லை, பஸ் செலவு இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, இது உட்கார்ந்து செய்யும் வேலை. சித்தாளாகக் கல் சுமந்து முட்டி தேய்ந்த பெண், நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து இடுப்பு விட்டுப்போன பெண், ஐம்பத்தைந்து வயதில் செய்யக்கூடிய வேலை. கையில் கரண்டி இருக்கும்போதே கண் பேரப்பிள்ளை மேல் இருக்கும். ஆயா வாசலில் இருப்பதால்தான் மகள் ஆறு மணிக்கு வேலை வீட்டுக்குக் கிளம்ப முடிகிறது. ஆகவே வாசலில் ஈட்டுவது ஒருவர் வருமானம் மட்டும் இல்லை, மகளின் சம்பளமும் அதன் மேல்தான் நிற்கிறது. குடும்ப அட்டையில் இந்த வேலைக்குப் பெயர் கிடையாது. மக்கள்தொகைக் கணக்கெடுக்க வருகிறவர் கேட்டால் ஆயாவே ‘சும்மாதான் இருக்கேன்’ என்பார்.

நம் கோலில் 26 வயதாகும்போது, 1981-இல், மழைக்காலத்தில் சென்னையின் நடைபாதைவாசிகளும் குடிசைவாசிகளும் அப்புறப்படுத்தப்பட்டார்கள். அப்போது வழக்கறிஞராக இருந்த கே. சந்துரு உச்ச நீதிமன்றம் போனார். பம்பாய் நடைபாதைவாசிகளின் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் 1985-இல் நீதிமன்றம் சொன்னது இன்றும் சட்ட மாணவர்களுக்குப் பாடம்: உயிர்வாழும் உரிமையில் பிழைக்கும் உரிமையும் அடக்கம், ஒருவரை இருப்பிடத்திலிருந்து அகற்றினால் பிழைப்பிலிருந்தும் அகற்றியதாகும். அகற்றவே கூடாது என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. ஆனால் இருக்கும் இடமும் பிழைப்பும் பிரிக்க முடியாதவை என்பதை நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. வருத்தம் என்னவென்றால், அதே 1985-ஓடு தமிழ்நாட்டில் வேறொன்று நின்றுபோனது. 1971-இல் கணக்கெடுத்த 1,202 பகுதிகளோடு அந்த ஆண்டு இன்னும் 17 பகுதிகள் அறிவிக்கப்பட்டன. அதன்பின் பல பத்தாண்டுகள் சென்னையில் புதிதாக எந்தப் பகுதியும் குடிசைப் பகுதியென அறிவிக்கப்படவில்லை. அறிவித்தால்தான் சட்டத்தின் பாதுகாப்பு. அறிவிப்பு நின்றதும், ரேஷன் கார்டும் வாக்காளர் அட்டையும் மின்சார ரசீதும் கையில் வைத்திருந்தவர்கள் காகிதத்தில் ஆக்கிரமிப்பாளர்கள் ஆனார்கள். அந்தப் பெண்ணுக்கு அப்போது முப்பது வயது. அடுத்த முப்பது வருஷத்தை அவர் அந்தச் சொல்லின் கீழேயே வாழ்ந்தார்.

2000-க்குப் பிறகு திசை முழுவதுமாக மாறியது. பழைய மகாபலிபுரம் சாலையில் மென்பொருள் நிறுவனங்கள் எழுந்த அதே ஆண்டுகளில், அதே சாலையின் உட்புறத்தில் கண்ணகி நகர் வந்தது, பிறகு செம்மஞ்சேரி. கண்ணகி நகரில் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள், செம்மஞ்சேரியில் ஆறாயிரத்துக்கும் மேல். 2005 டிசம்பரில் மத்திய அரசு தொடங்கிய ஜவகர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டத்தின் பணத்தில் பெரும்பாக்கத்தில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் அடையாற்றுக் கரையிலிருந்தும் கூவத்தின் கரையிலிருந்தும் குடும்பங்கள் லாரிகளில் சாமான்களோடு இங்கே வந்து இறங்கின. கிரீம்ஸ் சாலைத் திடீர் நகர், தீவுத்திடல் அருகே சத்தியவாணி முத்து நகர் என்று பட்டியல் நீளும். கண்ணகி நகரில் தூரம் கூடியது. பெரும்பாக்கத்தில் தூரத்தோடு உயரமும் கூடியது. தரைத்தளமும் அதன்மேல் ஏழு மாடிகளும். கணக்கு எளிது: எட்டுக் குடும்பங்களில் ஏழு குடும்பங்களுக்குத் தரையில் வாசல் கிடையாது. மிச்சமிருக்கும் ஒன்றின் வாசலும் நகரத்தைப் பார்த்து இல்லை, எதிர்க் கட்டடத்தைப் பார்த்து இருக்கிறது. திடீர் நகர் ஆயாவின் இட்லியையும் பூவையும் வாங்கக் கிரீம்ஸ் சாலையில் ஆஸ்பத்திரிக்கு வந்துபோகும் வெளியூர்க்காரர்கள் இருந்தார்கள். இங்கே மாடிப்படியில் ஏறி இறங்குகிறவர்கள் எல்லோரும் அவரைப் போலவே புதிதாக வந்து, வேலையைத் தொலைத்துவிட்டு நிற்பவர்கள்.

ஏழாவது மாடியில் ஒரு அறுபது வயதுப் பெண்ணின் நாளை நினைத்துப் பார்க்கலாம். லிஃப்ட் ஓடும் நாளில் கீழே வரலாம், நின்றுபோன நாளில் குடத்தோடு படி ஏற முடியாது. ரேஷன் கடையில் இப்போது விரல் ரேகை வைக்க வேண்டும். பாத்திரம் தேய்த்துத் தேய்த்து ரேகை மழுங்கிய விரலை மெஷின் ஏற்பதில்லை. முந்தானையில் துடைத்து இன்னொரு முறை, பிறகு வேறொரு விரல், பின்னால் வரிசை முணுமுணுக்கும். பழைய கடைக்காரருக்கு ஆயாவைத் தெரியும், இந்தக் கடைக்காரருக்குத் தெரியாது. முதியோர் உதவித்தொகைக்குக் காகிதம் கொடுக்கலாம் என்றால் எந்தத் தாலுகா, எந்த மாவட்டம்? சென்னை மாவட்டத்தில் கண்விழித்து, அன்று மாலையே காஞ்சிபுரம் மாவட்டத்துக்காரர் ஆனார். 2019 நவம்பரில் செங்கல்பட்டு மாவட்டம் பிரிந்தபோது, வீட்டை விட்டு அசையாமலே அவரது மாவட்டம் மறுபடி மாறியது. ஐம்பது ஆண்டு சேர்த்த பழக்கம் ஒரு லாரிப் பயணத்தில் செல்லாக்காசானது என்றால் அது மிகையில்லை.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றைத் தட்டிக்கழிக்கக் கூடாது. முதலாவது, ஆற்றங்கரை ஆபத்தானது, 2015-இல் பார்க்கவில்லையா என்பது. பார்த்தோம். கழுத்தளவு தண்ணீரில் குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றவர்களிடம் போய்க் கரையிலேயே இருங்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் கரையை விட்டு எழுப்புவதற்கும் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுபோய் விடுவதற்கும் இடையே ஒரு நகரமே இருக்கிறது. அந்த நகரத்துக்குள் இடம் கண்டுபிடிக்க முடியும் என்பதை எழுபதுகளின் வாரியமே செய்து காட்டியது. தவிர, பாதுகாப்புக்காகக் கொண்டுவந்த இடம் எது? பெரிய ஏரியும், 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணைச் சதுப்பும் அண்டையில் இருக்கிற பள்ளம். பாக்கம் என்ற சொல்லே நீரோரத்து ஊரைக் குறிப்பது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் இந்தப் பக்கத்துச் சாலைகள் மூழ்கியபோது, வெள்ளத்துக்குப் பயந்து கொண்டுவரப்பட்டவர்கள் மறுபடி வெள்ளத்துக்கு நடுவே இருந்தார்கள்.

இரண்டாவது வாதம் கனமானது, அதற்கு நான் முழுதாகத் தலைவணங்குகிறேன். வீட்டுக்குள் கழிப்பறை, பூட்டத் தக்க கதவு, ஒழுகாத கூரை, தீப்பற்றாத சுவர். இருட்டும்வரை அடக்கிக்கொண்டிருந்த பெண்களுக்குக் கழிப்பறையின் அருமையை வேறு யாரும் சொல்லித்தர வேண்டாம். பெரும்பாக்கத்துப் பெண்களிலேயே, குறிப்பாக இளம்பெண்களிலேயே, இதைச் சொல்லி வீட்டை விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை மறுக்க வெளியில் இருப்பவனுக்கு உரிமை இல்லை. எனக்கு இருக்கும் கேள்வி ஒன்றுதான்: கழிப்பறைக்கு விலையாக வாசலைக் கொடுக்க வேண்டும் என்று யார் முடிவு செய்தது? நொச்சிக்குப்பத்துக் கட்டடங்கள் இரண்டையும் அரைகுறையாகவேனும் சேர்த்துக் கொடுத்தன. அரும்பாக்கத்து மனைகள் இன்னும் நன்றாகச் சேர்த்துக் கொடுத்தன. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்பது இயற்கை விதித்த கட்டாயம் இல்லை. நகரத்து நிலத்தின் விலை ஏறியதால் வந்த கட்டாயம்.

வயதானவர்கள் ஓய்வெடுக்கட்டுமே, சாகும்வரை இட்லி ஊற்றவேண்டும் என்பது என்ன நியாயம் என்று கேட்பவர்களும் உண்டு. நல்ல மனதோடு கேட்பதுதான். ஓய்வுக்குப் பணம் வேண்டும். தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962-இல் மாதம் 20 ரூபாயில் தொடங்கியது. 2023 ஆகஸ்டிலிருந்து 1,200 ரூபாய். நாளுக்கு 40 ரூபாய். வீட்டுப் பணியாளர்களுக்கென்று நலவாரியம் வந்தது 2007-இல், நம் கோலில் 52 வயது ஆனபின். அதற்குமுன் முப்பது வருஷம் தேய்த்த பாத்திரங்களுக்கு எந்தப் பதிவும் கிடையாது. அறுபதுக்குள் பதிவு செய்து, தவறாமல் புதுப்பித்திருந்தால் ஓய்வூதியம் உண்டு. நாற்பது ரூபாயில் ஓய்வெடு என்று ஒருவரிடம் சொல்வது கருணை ஆகாது. மேலும் ஆயா ஓய்வாக இருப்பதை அந்தக் குடும்பமே தாங்காது என்பதை மேலே சொன்னேன். மகள் பெரும்பாக்கத்திலிருந்து மயிலாப்பூருக்கோ நுங்கம்பாக்கத்துக்கோ வேலைக்குப் போகவேண்டுமென்றால் விடியுமுன் கிளம்ப வேண்டும், இருட்டியபின் திரும்ப வேண்டும். அந்த நேரமெல்லாம் பிள்ளைகள் யாரிடம்? கரையில் ஆயாவோடு எதிர்வீட்டுக்காரியும் ஒரு கண் வைத்திருந்தாள். இங்கே மூடிய கதவுக்குள் ஆயா தனியாகப் பார்க்க வேண்டும். அவர் வேலை குறையவில்லை, கூலி மட்டும் நின்றது. 2021 மே மாதம் முதல் சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது இந்தப் பெண்களுக்குக் கிடைத்த உண்மையான உதவி. ஆனால் பஸ் டிக்கெட்டைத்தான் அரசு கொடுக்க முடிந்தது, போகவர ஆகும் மணிநேரத்தைக் கொடுக்க முடியாது.

கட்டடங்களுக்குக் கீழே இப்போது தள்ளுவண்டியும் பெட்டிக்கடையும் வந்துவிட்டனவே, ஜனங்கள் பிழைத்துக்கொள்வார்கள் என்பது கடைசியாகச் சொல்லப்படுவது. வந்திருப்பது உண்மை. மாடிப்படி முடியும் இடத்தில், இரண்டு கட்டடங்களுக்கு நடுவில், ஒரு பலகையும் அடுப்புமாக வாசல் மறுபடி முளைக்கிறது. இது என் வாதத்துக்கு எதிரான சான்றா? வரைபடத்தில் இடமில்லாமல், அனுமதியில்லாமல், எப்போது எடுக்கச் சொல்வார்களோ என்ற பயத்தோடு இந்தப் பெண்கள் அதை மறுபடி உண்டாக்குகிறார்கள் என்றால், அது இல்லாமல் வாழ முடியவில்லை என்றுதானே பொருள்? 2021-இல் வாரியத்தின் பெயர் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. குடிசை போய் வாழ்விடம் வந்தது நல்ல மாற்றம். அந்தச் சொல்லை மெய்யாக எடுத்துக்கொண்டால், ஒவ்வொரு கட்டடத்தின் அடியிலும் வயதான பெண்களுக்கு அடுப்பு வைக்கவும் பலகை போடவும் சட்டப்படி ஓர் இடம் வரைபடத்திலேயே இருக்க வேண்டும். இனிமேல் கட்டும் வீடுகள் வேலை இருக்கும் இடத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் இருக்க வேண்டும். முன்னது இன்றே செய்யக்கூடியது, செலவும் அதிகமில்லை.

சத்தியவாணி முத்து 1967-இல் அண்ணாவின் அமைச்சரவையில் இருந்தவர், பின்னாளில் மத்திய அமைச்சராகவும் ஆனவர், ஒடுக்கப்பட்ட மக்களுக்காகக் கடைசிவரை பேசியவர். கூவத்தின் ஓரத்தில் ஜனங்கள் தங்கள் இடத்துக்கு அவர் பெயரை வைத்துக்கொண்டது ஒரு பாதுகாப்புக்காகவும்தான். 2019 டிசம்பர் கடைசியில், பள்ளிக்கூட வருஷத்தின் நடுவில், அங்கிருந்த குடும்பங்களை எழுப்பத் தொடங்கினார்கள். பெரும்பாக்கத்தில் அந்தப் பெயருக்கு இடமில்லை, கட்டடத்துக்கு எண்தான் இருக்கிறது. அதே பெரும்பாக்கத்தில் 2022 ஜனவரியில் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தின் புதிய கட்டடம் திறக்கப்பட்டது. ஈராயிரம் ஆண்டுத் தமிழைச் சுவடியிலும் அச்சிலும் தேடிப் பாதுகாக்கும் நிறுவனம். அதே ஊரில், எழுபதைத் தொட்டவர்களும் தாண்டியவர்களுமான நூற்றுக்கணக்கான ஆயாக்கள் எழுத்தில் ஏறாத ஒரு தமிழை, ஒரு நகரத்தின் ஐம்பது ஆண்டை வைத்துக்கொண்டு இருக்கிறார்கள். ஒலிப்பதிவுக் கருவியோடு போகிறவர்கள் பிறந்த தேதியைக் கேட்டுத் தொடங்க வேண்டாம், அது ஆதாரில் இருக்கிறது, பெரும்பாலும் தவறாகவே இருக்கிறது. கரையில் உங்கள் வாசல் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது, எதிரே யார் வீடு, அடுப்பு எங்கே வைத்தீர்கள், காலையில் முதல் இட்லியை வாங்க யார் வருவார்கள் என்று கேட்கலாம்.